உக்கிராணச் சாவி



பழைய தமிழ் வேதாகமத்தில் 'உக்கிராணக்காரன்' என்று ஒரு சொல் வரும். இப்போதைய பிள்ளைகளுக்கு அது புரிவதில்லை. கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவர்தான். உள்ளே இருக்கும் அரிசியும் பருப்பும் அவருடையது இல்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கேட்டால் மட்டும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஊழியம் செய்கிறவர்களுக்குப் பவுல் கொடுக்கும் பெயர் அது.

இதை எழுதக் காரணம் என் தம்பி மகன். குத்தம்பாக்கம் பக்கம் வாடகைக் கட்டடத்தில் சிறிய சபை ஒன்று நடத்துகிறான். முப்பது குடும்பம் இருக்கும். பாதிப் பேர் கம்பெனி வேனில் வேலைக்குப் போகும் பெண்கள், மீதி கட்டட வேலை. காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஜீபே அட்டை ஒட்டியிருக்கிறது. பணம் போவது அவனுடைய சொந்தக் கணக்குக்கு. இடம் வாங்கச் சேர்க்கும் கட்டட நிதியும் அதிலேதான், வீட்டு மளிகையும் அதிலிருந்துதான்.

"சபைப் பேரில் கணக்குத் திற தம்பி. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்று வை" என்றேன்.

"என்ன அத்தை, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டான்.

அவன் ஒரு ரூபாய் தொட மாட்டான், எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால், காட்டுவதற்கு அவனிடம் ஒரு தாள் இருக்காது.

எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்தபோது பவுல் தனியாக அதைக் கையாளவில்லை. தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்து அனுப்பினார். காரணத்தையும் அவரே எழுதுகிறார்: இந்தப் பெரிய தொகையைப் பற்றி யாரும் குறை சொல்லக் கூடாது, கர்த்தருக்கு முன்னால் சரியாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்னாலும் சரியாக இருக்க வேண்டும் என்று. 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரம், எடுத்துப் பாருங்கள். சீஷர்களில் பணப்பை ஒரே ஆள் கையில் இருந்தது, அது யார் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அது சபைக்கு. அசரியா அத்தியட்சரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். நம் ஆட்களே போக வேண்டும், செலவும் நம் பணமாகவே இருக்க வேண்டும் என்று 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானவர். 1912-ல் தோர்ணக்கல் அத்தியட்சர் ஆனார். அங்கேயும் கூலி வேலை செய்த பெண்கள் பிடியரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள். மிசோரமில் 1910-ல் ஆரம்பித்த பிடியரிசி இன்றைக்கும் நடக்கிறது. அந்த ஒரு பிடி யாருடைய சாப்பாட்டில் குறையும்? கடைசியாகச் சாப்பிடுகிற அம்மாவுடையதில்தான். அதற்குக் கணக்கு வேண்டாமா?

எங்கள் சபையில் இரண்டு பேர் எண்ணுவார்கள், ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. ஐயர் பணத்தைத் தொடுவதே இல்லை. நோட்டு எத்தனை, சில்லறை எத்தனை என்று மையில் எழுதிக் கையெழுத்து. தப்பு வந்தால் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். என் வகுப்பில் லீடராக இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், வருகைப் பதிவேட்டில் வெள்ளை மை தடவ நான் விட்டதே கிடையாது. கட்டட நிதிக்குத் தனிப் பக்கம். அவசரம் என்று அதில் கைவைத்து மின்கட்டணம் கட்டக் கூடாது. திங்கட்கிழமை முழுத் தொகையும் வங்கிக்கு. எண்ணி முடிக்காமல் யாரும் கிளம்ப முடியாது என்பதுதான் இதில் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரியாணி ஆறிப்போகும்!

சின்ன சபைகளுக்கு உண்மையான தொல்லை வேறு. சபைப் பேரில் கணக்குத் திறக்கப் பதிவுப் பத்திரம், பான் அட்டை எல்லாம் வங்கியில் கேட்பார்கள். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமலே பலர் சொந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். தம்பி மகனும் அப்படித்தான், கோபம் தணிந்த பிறகு சொன்னான்.

என்னிடம் படித்தவர்களில் வங்கியிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் இருக்கிறவர்கள் நிறையப் பேர். அம்பத்தூர், ஆவடி, திருமழிசைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது பதிவு வேலைக்கு வழிகாட்ட முடியுமா? பிறகு மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும். பூந்தமல்லியிலிருந்து பஸ் இருக்கிறது. மதியச் சாப்பாடு நம் வீட்டில்.