பாஸ்போர்ட்டோடு இதையும் எடுத்து வையுங்கள்

பிள்ளைகளைப் பார்க்க பிரான்ஸ் போகும் நம் புதுச்சேரிப் பெரியவர்கள் ஊறுகாய், மாத்திரை எதையும் மறப்பதில்லை. மின்னஞ்சலை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அங்கே மகன் கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் ஓடிபி நம்மூர் சிம்முக்கு வரும். ரோமிங் இல்லையென்றால் வரவே வராது. பிரெஞ்சு ஓய்வூதியக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

முத்தியால்பேட்டை ஐயா ஒருவருக்கு நேற்று உட்கார்ந்து இதற்கு வழி செய்து கொடுத்தேன். கூகுள் கணக்கின் இருபடிச் சரிபார்ப்பில் 'பேக்கப் கோட்' 10 கிடைக்கும். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். சிம்மே தேவையில்லை. கொட்டை எழுத்தில் டைரியில் எழுதிக்கொண்டார். அவுட்லுக்கில் பழைய பாப் முறை இருந்தது. அது கடிதங்களை வீட்டுக் கணினிக்கு இறக்கிவிட்டு சர்வரில் அழித்துவிடக்கூடும். கடிதங்களை சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப் முறைக்கு மாற்றினோம். இன்னும் ஒரு வாரத்தில் கிளம்புகிறார்.