அரைப் புள்ளிக்கு ஒரு மழை

மோட்டார் பந்தயத்தை வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷனில் பார்ப்பவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. நேரில் போய்ப் பார்ப்பவர்களுக்குத் தெரிவதோ பாதையில் ஒரு திருப்பமும், கண்ணிமைக்குமுன் மறையும் ஒரு நிறக் கீற்றும், காதைப் பிளக்கும் ஓசையுந்தான். மழையும் பிடித்துக்கொண்டால் அந்த நிறக் கீற்றுக்கும் பஞ்சம் வந்துவிடும். "அப்படியானால் காசைக் கொடுத்துவிட்டு அங்கே போய் நனைவானேன்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலேசிய நாட்டில், 2012-ம் வருஷத்துப் பங்குனி மழை ஒன்றில் இதற்கு எனக்கு விடை கிடைத்தது.

கோலாலம்பூருக்குத் தெற்கே, ஆகாய விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது செப்பாங் பந்தயப் பாதை. 1999-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 5.543 கிலோ மீட்டர், திருப்பங்கள் 15. 'பார்முலா ஒன்' என்னும் உலகப் பந்தயம் இங்கே நடந்த காலத்தில் 56 சுற்றுக்கள் ஓடவேண்டியிருந்தது. அதாவது, ஏறக்குறைய 310 கிலோ மீட்டர்! மணிக்கு முந்நூறு கிலோ மீட்டர் வேகத்தைத் தொடும் வண்டிகள் அவை.

கிள்ளானில் ஓர் உறவினர் வீட்டு விவாகத்துக்குப் போயிருந்த என்னை, என் மைத்துனன் விடாப்பிடியாக அங்கே அழைத்துச் சென்றான். சனிக்கிழமை, வண்டிகள் புறப்படவேண்டிய வரிசையைத் தீர்மானிக்கும் ஓட்டம் உலர்ந்த பாதையிலே நடந்தது. அன்று எங்கள் கவலை முதல் வரிசையைப் பற்றியதன்று. கடைசி வரிசையைப் பற்றியது. காரணம், அங்கேதான் நம்மவர் இருந்தார்.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைச் சொல்லுகிறேன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். 2012-ல் அவர் ஓட்டியது 'எச். ஆர். டி.' என்ற ஸ்பெயின் தேசத்துக் கோஷ்டியின் வண்டி. கோஷ்டிகளிலெல்லாம் ஏழைக் கோஷ்டி அது. அதற்கு முந்தின வாரம் ஆஸ்திரேலியாவில், போதிய வேகம் இல்லையென்று அதன் இரண்டு வண்டிகளையும் பந்தயத்தில் சேர்க்கவே மறுத்துவிட்டார்கள். செப்பாங்கில் எப்படியோ இரண்டுக்கும் அநுமதி கிடைத்தது. "அத்தான்! நாளைக்கு நம் ஆள் ஓடுகிறார். அது போதும்!" என்று மைத்துனன் கூத்தாடினான்.

ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 25. மாலை நான்கு மணிக்குப் பந்தயம் ஆரம்பமாகும் சமயத்தில் தூற்றலும் ஆரம்பமாயிற்று. இங்கே சக்கரங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உலர்ந்த பாதைக்கு வழுவழுப்பான டயர். சிறு மழைக்கு லேசாக வெட்டுப் போட்ட டயர். பெருமழைக்கு ஆழமான பள்ளங்கள் வெட்டிய டயர். மூன்றாவது வகை, தண்ணீரை வாரி வெளியே இறைத்துவிட்டுத் தரையைப் பிடித்துக்கொள்ளும். அன்று முன்வரிசைப் பெரிய மனிதர்கள் சிறுமழை டயரோடு புறப்பட்டார்கள். கார்த்திகேயனோ பெருமழை டயரோடு புறப்பட்டார்.

வானம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. இரண்டொரு சுற்றுக்குள் மழை வலுத்தது. எங்கள் புல்மேட்டிலிருந்து பார்த்தால் வண்டிகள் தெரியவில்லை. ஓடுகிற வெள்ளைப் புகைகள் தெரிந்தன. மற்றவர்கள் ஒவ்வொருவராக டயர் மாற்ற ஒதுங்கினார்கள்; நம்மவர் ஒதுங்காமல் போய்க்கொண்டிருந்தார். ஒன்பதாவது சுற்றில் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது, எதிரே இருந்த பெரிய திரையில் வரிசைப் பட்டியல் வந்தது. பத்தாவது இடத்தில் கார்த்திகேயன்! இருபத்துநான்கு வண்டிகளில் பத்தாவது!

இப்போதுதான் தர்ம சங்கடம் பிறந்தது. பத்தாவது இடத்துக்கு ஒரு புள்ளி உண்டு. முக்கால் பங்கு தூரம் ஓடாமலே பந்தயம் முடிந்துபோனால், பாதிப் புள்ளிதான் தருவார்கள் என்பது அன்றைய விதி. ஆகவே, மழை நிற்காவிட்டால் நம்மவருக்கு அரைப் புள்ளி! 2010-ல் ஓட வந்த அந்த ஏழைக் கோஷ்டி அதுவரையில் ஒரு புள்ளியையும் கண்டதில்லை. நடக்கக்கூடியதுதானா என்றால், அதே செப்பாங்கில் 2009-ல் நடந்தது. ஐரோப்பியர்கள் சௌகரியமாகப் பார்க்கவேண்டுமென்று அந்த வருஷம் மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தார்கள். மழையும் இருட்டும் சேர்ந்துகொள்ளவே, 31 சுற்றுக்களோடு கணக்கை முடித்துப் பாதிப் புள்ளிகளை வழங்கினார்கள்.

ஆயிரக்கணக்கான ஜனங்கள் மழை நிற்கவேண்டுமென்று பிரார்த்தித்த இடத்தில், நிற்கக்கூடாதென்று பிரார்த்தித்த சிறு கோஷ்டி எங்களுடையது. குடைகள் மடங்கின, புல்மேடு சேறாயிற்று. பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். ரப்பர்த் தோட்டத்தில் ஆயுளெல்லாம் பால் வெட்டியவராம். "எனக்கும் அந்தப் பிள்ளை ஜெயிக்கவேண்டும் என்றுதான் ஆசை ஐயா. ஆனால் எங்கள் தோட்டத்தில் பாதி வேலையில் மழை வந்தால் அரைக் கூலி கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு எவனாவது சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனானா?" என்றார்.

மைத்துனன் மறுமொழி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐம்பது நிமிஷத்துக்குப் பிறகு மழை தணிந்தது, பந்தயம் தொடர்ந்தது. பாதை உலர உலரப் பணக்கார வண்டிகளின் பலம் திரும்பிற்று. ஜென்சன் பட்டன் கார்த்திகேயனின் வண்டியோடு மோதித் தம் வண்டியின் முன்னிறக்கையை உடைத்துக்கொண்டார். பிறகு ஸெபாஸ்டியன் வெட்டலோடு நேர்ந்த உரசலுக்காக நம்மவருக்கு இருபது விநாடி தண்டனை விதித்தார்கள். முடிவில் அவர் இடம் 22. எட்டாவதாகப் புறப்பட்ட பெர்னாண்டோ அலோன்ஸோ ஜயித்தார். அவரைக் கடைசி வரையில் துரத்தி இரண்டாவதாக வந்தவர் மெக்ஸிகோ வாலிபர் ஸெர்ஜியோ பெரெஸ். அவரும் சிறிய கோஷ்டிக்காரர்தான். முதல் சுற்று முடிந்தவுடனேயே பெருமழை டயருக்கு மாறிய புத்திசாலி.

எச். ஆர். டி. கோஷ்டி அந்த வருஷக் கடைசியோடு மறைந்துபோயிற்று. ஒரு புள்ளியும் பெறவில்லை. தில்லிக்கு அருகே நடந்த இந்தியப் பந்தயம் 2013-க்குப் பிறகு நடைபெறவில்லை. செப்பாங்கில் பார்முலா ஒன் கடைசியாக ஓடியது 2017-ல். அரைப் புள்ளி கிடைத்திருந்தால் ஏதேனும் ஒரு புத்தகத்தின் மூலையில் அது இருந்திருக்கும்.

ஆனால், மழை அன்று காட்டிய விஷயம் புள்ளியைவிடப் பெரியது. பணமும் யந்திரமும் தருகிற வித்தியாசத்தைச் சிறிது நேரம் வானம் அழித்துவிட்டால், யோசனையும் துணிவும் உள்ளவன் எந்த இடத்தில் நிற்பான் என்பதை அது காட்டிற்று. நம் வாலிபர்களிடம் அவை இரண்டும் உண்டு. உலர்ந்த நாட்களிலும் அவர்கள் அந்த இடத்தில் நிற்பதற்கு வேண்டியவை நல்ல யந்திரங்கள், பயிற்சி, விடாமல் கைகொடுக்கும் தேசம். இவற்றை மழை தராது, நாம்தான் தரவேண்டும்.