கல்லாப் பெட்டி யாருடையது?

உங்கள் ஊருக்கும் இது நாளைக்குத் தேவைப்படலாம்.

"ரம்மி திறமை விளையாட்டு டீச்சர். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. நீங்க எப்படி எதிர்ப்பீங்க?" போன வாரம் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த கேள்வி. எங்கள் பகுதியில் ஒரு மனமகிழ் மன்றம் திறக்க ஏற்பாடு நடக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில் வேண்டாம் என்று நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டோம். அதற்கு வந்த பதில்தான் இது. கேட்டவர் நல்ல மனிதர்தான். அவர் சொன்னதில் பாதி உண்மையும் கூட. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் வக்கீல் இல்லை. இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் ஒருவர் "சட்டம் இப்படித்தான்" என்று சொன்னால், அந்தச் சட்டத்தை எடுத்து ஒருமுறை வாசித்துவிடுவது என் பழக்கம். பாடப்புத்தகம் நடத்திய கை, சும்மா இருக்காது.

தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கு இன்றைக்கும் அடிப்படை 1930ஆம் ஆண்டுச் சட்டம்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். சென்னை நகரத்துக்கு மட்டும் அதைவிடப் பழைய 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம். 1930 சட்டம் கருவியைப் பார்த்துத்தான் பேசும். சீட்டு, பகடை, சூதாட்ட மேசை இவற்றை ஒரு வீட்டிலோ, அறையிலோ, கூடாரத்திலோ, வண்டியிலோ வைத்து, அதனால் இடத்துக்காரர் லாபம் பார்த்தால் அது சூதாட்ட வீடு. முறைப்படி சோதனை போட்டு அந்தக் கருவிகளை எடுத்துவிட்டால், அது சூதாட்ட வீடு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மாட்டிக்கொண்டவரின் பொறுப்பு. ஆனால் 11ஆம் பிரிவில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வெறும் திறமையால் ஆடும் விளையாட்டுக்கு இந்தத் தண்டனைகள் பொருந்தாது.

அந்தக் கதவு வழியாகத்தான் இத்தனை வருடமாக எல்லாரும் உள்ளே நுழைகிறார்கள்.

ரம்மித் தீர்ப்பு என்று எல்லாரும் சொல்வது 1967 நவம்பரில் வந்தது. செகந்திராபாத்தில் ஒரு மன்றத்தில் போலீஸ் புகுந்து, சீட்டாடியவர்களைப் பிடித்த வழக்கு. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே ரம்மி மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. மன்றத்துக்காரர்கள் இந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள். அதே தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துக்காரரோ மன்றமோ லாபம் எடுப்பதற்குச் சாட்சி இருந்தால், குற்றத்தை நிலைநாட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறது. இந்த வரியை யாரும் மாட்டி வைப்பதில்லை.

ஆக, நீதிமன்றம் கேட்டது இரண்டு கேள்வி. ஒன்று, ஆட்டம் எப்படிப்பட்டது? இரண்டு, கல்லாப் பெட்டி யாருடையது? நாம் முதல் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேலாகச் சண்டை போடுகிறோம். சென்னையில் ஒரு மன்றத்தின் வழக்கில் பணம் வைத்து ரம்மி ஆடுவது குற்றமில்லை என்று 2011ல் ஒரு நீதிபதி சொன்னார். குற்றம்தான் என்று 2012ல் இரண்டு நீதிபதிகள் மாற்றிச் சொன்னார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2015ல் மூல மனுவையே திரும்பப் பெற்றுக்கொண்டதில் முடிந்தது. விடை கிடைத்ததா என்றால், இல்லை.

இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை நான் என் வேலைக் காலத்திலேயே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. முன்வரிசையில் கார் ஓட்டுவது, சண்டை போடுவது. திரைச்சீலைக்குப் பின்னால் பழப் படமும் சீட்டுப் படமும் சுற்றும் பெட்டிகள். என் வகுப்புப் பையன் ஒருவன் பரீட்சைக் கட்டணத்தை அங்கே தொலைத்துவிட்டான் என்று தெரிந்ததும் கடைக்கே போனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "இது கையும் கண்ணும் சம்பந்தப்பட்ட திறமை விளையாட்டு டீச்சர். இதுக்கெல்லாம் லைசென்ஸ் தேவையில்லைன்னு கேஸ் நடக்குது" என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "பெட்டிச் சாவி யார் கிட்ட இருக்கு?" சிரித்தார். பதில் சொல்லவில்லை. பையனின் பணத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

அவர் சொன்ன மாதிரியே வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. கர்நாடகத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன வீடியோ கேம் வழக்குகளில் 1995ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திறமை விளையாட்டே என்றாலும், பொதுமக்கள் வந்து போகிற இடம் என்றால் உரிமம் வாங்கு, நிபந்தனைக்குக் கட்டுப்படு என்பதுதான் சாரம். பெட்டிக்குள் கைவைத்து முடிவையே மாற்ற முடியும் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. ஆடுகிறவனுக்குத் திறமை இருக்கலாம். ஆனால் பெட்டியின் திறமை சாவி வைத்திருப்பவன் கையில் அல்லவா இருக்கிறது!

லாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் திறமை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் சட்டப்படி நடந்தது. ஏனென்றால் 1968லிருந்து அந்தக் கல்லாப் பெட்டியில் அரசாங்கமும் ஒரு பங்குதாரர். என் மாணவர்களின் அம்மாக்கள் சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றி என்னிடம் சொல்லி அழுததை எல்லாம் எழுதினால் பதிவு போதாது. 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தபோது எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பெண்ணும் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. துண்டுச் சீட்டில் மூணு நம்பர் எழுதி விற்பது இன்னும் ஒழியவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது இன்னொரு பக்கம். என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன் ஒருவன் திருவிழாவுக்குத் திருவிழா வளையம் எறிகிற கடை போடுவான். சோப்பு, சீப்பு, கடிகாரம், நடுவில் ஒரு நூறு ரூபாய்த் தாள். இந்த வருடம் எங்கள் மாரியம்மன் கோயில் கொடையில் வளையம், பலகை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று நாள் பிழைப்புப் போச்சு. "குறி பார்த்து எறியணும்ல டீச்சர்? அப்போ அதுவும் திறமைதானே?" என்று கேட்டான். கடிகாரத்தைவிட வளையம் ஒரு விரல்தான் அகலம் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனை நான் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவனிடம் நிரந்தரக் கட்டடம் இல்லை, சங்கப் பதிவு இல்லை, "காவல்துறை தலையிடக் கூடாது" என்று உத்தரவு வாங்கித் தர வக்கீல் இல்லை. 1930 சட்டத்தின் கருவி என்ற சொல் அவனுடைய பிளாஸ்டிக் வளையத்தின் மேல் விழுகிற வேகத்தில், குளிர்சாதன அறையில் இருக்கிற மேசையின் மேல் விழுவதில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கைப்பேசி வந்த பிறகு கருவி என்ற சொல்லே திணறிப்போனது. ஆன்லைன் ரம்மியைத் தடுக்கத் தமிழ்நாடு 2021ல் கொண்டுவந்த சட்டத்தை அதே ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு கொண்டுவந்த மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமானது. அதிலிருந்தும் ரம்மி, போக்கர் இரண்டும் 2023 நவம்பரில் கழன்றுகொண்டன. காரணம் அதே பழைய சொல்தான், திறமை. பிறகு 2025ல் விதிமுறை வந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் வழியாக வயதைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு திறமையோ அதிர்ஷ்டமோ, எதுவானாலும் கூடாது என்கிறது அது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டிருக்கின்றன. முடிவு எப்படிப் போனாலும், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பணத்தை மட்டும் பார்த்த சட்டம் ஒன்று வந்துவிட்டது.

ஆனால் அது ஆன்லைனுக்கு மட்டும். தெருவில் திறக்கிற மன்றத்துக்கு அந்த 1930தான்.

அதனால் மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "சீட்டாட்டம் சமூகச் சீர்கேடு" என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்குப் பதில் அவர்களிடம் தயாராக இருக்கிறது. ரம்மி திறமையா என்ற விவாதத்துக்கும் போகாதீர்கள். இதைக் கேளுங்கள்:

சங்கப் பதிவில் நோக்கம் என்று என்ன எழுதியிருக்கிறார்கள்? 1975 சங்கங்கள் சட்டத்தில் பதிவு செய்வது சங்கத்துக்குத்தான், அது சூதாட்ட அனுமதி ஆகாது.

ஆடப்போகிறவர்கள் உண்மையான உறுப்பினர்களா, அன்றன்றைக்குப் பெயர் எழுதி உள்ளே விடுகிற விருந்தினர்களா?

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேசையிலிருந்து எவ்வளவு பணம் எடுக்கப்படும்? அது எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும்? ஆண்டுக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள்?

எத்தனை மணிக்குக் கதவு சாத்தப்படும்? பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் எத்தனை அடி?

இதையெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டப் பதிவாளரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்கலாம். பத்து ரூபாய்தான் கட்டணம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

உண்மையிலேயே பத்து ஓய்வுபெற்றவர்கள் உட்கார்ந்து பொழுதுபோக்கும் மன்றம் என்றால், இந்தக் கேள்விகளுக்கு அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும். கேரம் ஆட நானே உறுப்பினராகச் சேருகிறேன்.

பதில் வரவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தானே.