நல்லமிளகும் திராட்சை இரசமும்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் பலிபீடத்தில் திராட்சை இரசக் கிண்ணத்தை ஏந்தி வருகிறேன். வசீகரத்திற்குப் பின் பொருள் மாறினும் நிறமும் மணமும் சுவையும் அப்படியே நிலைக்கின்றன என்று குருமடத்தில் கற்றோம்; அந்தச் சுவையைக் கவனிக்க மட்டும் கற்கவில்லை. எவரேனும் கேட்டிருந்தால், 'இனிப்பு' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் என்னிடம் இருந்திராது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பணிபுரியும் நம் பங்கு மகன் ஒருவர் விடுமுறையில் புதுக்கடைக்கு வந்தபோது ஒரு புட்டியைக் கொண்டுவந்தார். "கிராம்பியன்ஸ் மலைப்பக்கத்து ஷிராஸ், ஃபாதர். முதலில் முகர்ந்து பாருங்கள்" என்றார். அன்று காலையில்தான் குடியால் மாண்ட ஒருவரை அடக்கம் செய்திருந்தேன். அவர் மனைவியின் அழுகை காதில் ஒலிக்க, கிண்ணத்தைத் தொடக் கை கூசிற்று. "இன்று வேண்டாம், தம்பி" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவரே வந்து திறந்தார். ஒரு விரற்கடை அளவே ஊற்றினார். கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்தேன்; முதலில் நாவல்பழம் போன்றதொரு மணம். பின்னர், ஐயமின்றி, நல்லமிளகு! சமையலறையில் யாரோ மிளகு இடிக்கிறார்கள் என்றே திரும்பிப் பார்த்தேன். நாவிலோ இனிப்பே இல்லை. புளிப்பும் சிறு துவர்ப்புமே நின்றன.

அது மனமயக்கமன்று. மிளகிலுள்ள ரோட்டண்டோன் என்னும் அதே பொருள் இத்திராட்சையின் தோலிலும் உள்ளதென்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர். குளிர்ந்த இடங்களில் கனி மெல்லப் பழுக்கும்போது அது மிகுதியாகச் சேர்கிறது. ஐவரில் ஒருவருக்கு அதை முகரவே இயலாதாம். பாரசீக நகரின் பெயரைத் தாங்கினாலும், இக்கொடி தென்கிழக்குப் பிரான்சில் பிறந்தது என்பதை மரபணு ஆய்வு காட்டிவிட்டது. 1832இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் கொண்டுவந்த கொடிகளுள் இதுவும் ஒன்றாய் ஆஸ்திரேலியாவில் வேரூன்றியது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஆண்டு முழுதும் அறுவடை தரும். இதுவோ குளிர்காலமெல்லாம் இலையுதிர்த்து உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறையே கனி தரும்.

பங்கு இல்லத்துப் பலாமரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. ஒரு மணியைக் கிள்ளி நசுக்கி முகர்ந்தேன்; மீண்டும் கிண்ணத்தை முகர்ந்தேன். கானாவூர்ப் பந்தி மேற்பார்வையாளரை நினைத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்தது என அறியாமலே சுவையைச் சரியாகச் சொன்னவர் அவர்.

புட்டியை மூடித் திருப்பித் தந்தேன்.

"பிடிக்கவில்லையா, ஃபாதர்?"

"மிகவும் பிடித்திருக்கிறது" என்றேன். அன்று மாலை அந்தச் சகோதரியின் வீட்டில் செபம் இருந்தது.