கட்டி முடித்த பின்பு



கடந்த ஞாயிறு திருவிருந்து ஆராதனையில் நீங்கள் அனைவரும் முழங்காற்படியிட, நான் மட்டும் நின்றவாறே ஜெபித்தேன். ஆராதனை முடிந்ததும் உங்களில் சிலர் அன்போடு விசாரித்தீர்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கடந்து போனேன். அது உண்மையல்ல. உண்மையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

14 ஆண்டுகளுக்கு முன் ஒரு வாலிபர் முகாமில் கைப்பந்து விளையாடினேன். எம்பிக் குதித்துத் தரையில் கால் ஊன்றியபோது வலது முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே ஏதோ அறுந்த ஓசை கேட்டது. முழங்காலுக்குள் இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து சிலுவை வடிவில் அமைந்திருக்கின்றன. அவற்றுள் முன்னாலிருப்பது அறுந்திருந்தது. 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். மருத்துவர் என் தொடையின் பின்புறத்திலிருந்து நார் எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அறுந்ததின் இடத்தில் அதைப் பொருத்தினார்.

"ஒன்பது மாதங்களாவது விளையாட்டு வேண்டாம். உடற்பயிற்சியை அதற்குப் பிறகும் விட்டுவிடாதீர்கள்" என்றார். ஐந்தாம் மாதம் நன்றாக நடந்தேன், படியேறினேன். சுகமாகிவிட்டது என்று சாட்சியும் சொன்னேன். அதோடு பயிற்சி நின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல உடல் எடை 11 கிலோ கூடியது.

இவ்வாண்டு லெந்து நாட்களில் முழங்கால் வீங்கியது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி குறைந்திருப்பதை எக்ஸ்ரே காட்டியது. மூட்டுத் தேய்மானம் தொடங்கியிருந்தது. "பொருத்திய தசைநார் உறுதியாகத்தான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ளவற்றைத்தான் நீங்கள் காக்கவில்லை" என்றார் மருத்துவர்.

அறுவை சிகிச்சை மூட்டுக்கு உறுதியைத் திரும்பத் தருகிறது. ஆனால் விபத்து நாளில் குருத்தெலும்புக்கு நேர்ந்த சேதத்தை அது அழித்துவிடுவதில்லை. ஆகவே, செம்மையாகச் சிகிச்சை பெற்ற முழங்காலும் மற்றதைவிட முன்னதாகத் தேயக்கூடும். நான் ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தால் இது வந்தே இராது என்று யாரும் உறுதி கூற முடியாது. எனினும் நம் கையில் இருப்பது சிறிதல்ல. தொடையின் முன்தசை வலுவாயிருந்தால் மூட்டின் சுமையை அது பகிர்ந்துகொள்ளும். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பளு ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் இல்லை. மூட்டு அசையும்போது அதிலுள்ள திரவமே அதற்கு ஊட்டமளிக்கிறது. காப்பதாக எண்ணி அசையாமல் வைத்தால், அதைப் பட்டினி போடுகிறோம்.

அன்றிரவு நெகேமியாவின் புத்தகத்தைத் திறந்தேன். எருசலேமின் அலங்கம் 52 நாட்களில் கட்டி முடிந்தது. நெகேமியா அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. வாசல்களுக்குக் காவலாளரை நியமித்தார். குடிகள் தத்தம் வீட்டுக்கு எதிரேயும் காவல் நிற்கும்படி கட்டளையிட்டார். கட்டும் பணிக்குக் கணக்கிட்ட நாட்கள் உண்டு. காவலுக்கு அப்படி ஒரு முடிவு குறிக்கப்படவில்லை.

பிரியமானவர்களே, உங்களில் எத்தனையோ அலங்கங்கள் திரும்பக் கட்டப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். பிரிந்த தம்பதிகள் மீண்டும் இணைந்தார்கள். குடியை விட்டவர்கள் சபையின் முன் சாட்சி சொன்னார்கள். அந்த நாளை நாம் கொண்டாடினோம். அதற்கடுத்த சாதாரண நாட்களில் வாசலில் நிற்பது யார்? சீர்செய்யப்பட்டதை அன்றாடம் காப்பது அவிசுவாசமல்ல. பெற்ற ஈவுக்கு நாம் செலுத்தும் நன்றி அது.

தேய்ந்தது திரும்ப வளரப்போவதில்லை. வருகிற ஞாயிறும் நான் நின்றுகொண்டுதான் ஜெபிப்பேன். ஆனால் இப்போது காலைதோறும் ஜெபத்திற்கு முன் 20 நிமிடம் பயிற்சி செய்கிறேன். இத்தகைய சிகிச்சை பெற்றவர் உங்கள் வீட்டில் இருந்தால், "பயிற்சி செய்தீர்களா?" என்று அன்போடு கேளுங்கள். என்னையும் கேளுங்கள். இனி "ஒன்றுமில்லை" என்று சொல்லமாட்டேன்.

ஜெபம்: பிதாவே, நீர் சீர்படுத்தித் தந்ததை நாள்தோறும் காக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.