பார்க்காமல் சொன்ன பாராட்டு

சென்ற வருஷம் புரட்டாசியில் ஒரு சாயங்காலம் தமக்கை மகன் வீட்டுக்கு வந்தான். குறுவை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு, மழைக்குப் பயந்து தார்ப்பாயும் கையுமாக மூன்று ராத்திரி அங்கேயே கிடந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் களைப்பு இல்லை.

"மாமா, ஒரு பதினெட்டாயிரத்து ஐந்நூறு வேணும். நெல்லுப் பணம் பாங்க்ல ஏறினதும் திருப்பிக் குடுத்துடறேன்."

எதற்கென்று கேட்டேன். பதில் சொல்லாமல் போனை நீட்டினான்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய படக் கம்பெனியின் முத்திரையோடு வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம். சோழர் காலத்துக் கதை, கதாநாயகனின் தம்பி வேஷம். ஊர்த் திருவிழாவில் அவன் வள்ளி திருமணத்தில் வேலனாக வந்ததை யாரோ படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்களாம். டைரக்டர் அதைப் பார்த்து அப்போதே முடிவு செய்துவிட்டாராம். உடையலங்காரத்துக்கும் போட்டோ ஆல்பத்துக்கும் முன்பணம் 18,500 ரூபாய், முதல் சம்பளத்தோடு திரும்பக் கிடைக்கும். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் வேஷம் அடுத்தவருக்குப் போய்விடும். படம் வெளியாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது.

அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தேகமல்ல, பொறாமை. எண்பதுகளில் இங்கே ஒரு நாடகப் பட்டறையில் கால் வைத்ததிலிருந்து நடித்துக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் விட்டு வந்து ஒத்திகை, லீவு போட்டு நாடகம், கைக்காசைப் போட்டுப் பஸ் ஏறி வெளியூர் மேடை. என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வேலன் வேஷம் கட்டுகிற இந்தப் பயலுக்குத் தம்பி வேஷமா என்றுதான் மனசு கேட்டது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தக் கடிதத்தில் குற்றம் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் அவன் மேல் இருந்த அக்கறை என்று இப்போது எழுதினால் அது பொய்.

குற்றம் தேடினால் கிடைக்காமலா போகும்? கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. ஈமெயில் விலாசம் கம்பெனியுடையதல்ல, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஜிமெயில். டைரக்டருக்குப் பெயரில்லை. பணம் போகவேண்டியது கம்பெனிக் கணக்குக்கு அல்ல, ஏதோ ஒரு தனி மனிதரின் ஜிபே எண்ணுக்கு. ஒன்றொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் கேட்டேன்: "உன் நெல்ல கொள்முதல்ல எப்படிடா எடுத்தான்?"

"குத்தூசி போட்டு எடுத்துப் பார்த்தான். ஈரம் பதினேழுக்கு மேல இருக்குன்னு ரெண்டு நாள் காய வச்சான். தூத்திப் பார்த்தான்."

"குத்தாம, தூத்தாம, மூட்டையப் பிரிக்காமயே ஒருத்தன் வந்து, நல்ல நெல்லு, எடுத்துக்கறேன், லாரி வாடகைய மட்டும் நீ முன்னாடி குடுன்னு சொன்னா குடுப்பியா?"

அவன் எழுந்துவிட்டான். வாசற்படியில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டே, "உங்களுக்கு வராதது எனக்கு வந்துடுச்சுன்னுதானே மாமா இவ்வளவும்?" என்றான்.

என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவன் சொன்னது உண்மை. கடிதம் போலி என்று நான் சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்ததுதான் சிக்கல். பணத்தை அவன் வேறெங்கும் புரட்டவில்லை என்று பிறகு தமக்கை சொன்னாள். ஆனால் தீபாவளி வரைக்கும் என் வீட்டுப் பக்கம் அவன் வரவில்லை.

இந்தப் பக்கத்தில் நடிக்க வருகிறவனைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் ஏதோ ஒரு முறையில் நடந்திருக்கிறது. மெலட்டூர் பாகவத மேளாவில் தேர்வே கிடையாது. நரசிம்ம ஜயந்திக்குப் பிரஹலாத சரித்திரம் போடுகிறபோது வேஷம் குடும்ப வழியில் வந்து சேர்கிறது. அங்கே பிறந்தாகவேண்டும், அவ்வளவுதான். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் வேறு விதம். கும்பகோணத்தில் கஷ்டப்பட்ட ஒரு குடும்பத்திலிருந்து எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது கலை தாகத்தால் மட்டுமல்ல, சாப்பாட்டுக்காகவும்தான். சூரக்கோட்டைக் குடும்பத்துப் பையனான சிவாஜி கணேசன், திருச்சியில் கம்பெனியில் சேருவதற்காகத் தன்னை அநாதை என்று சொல்லிக்கொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். அங்கே பொய் சொன்னது நடிக்க வந்த பையன், கம்பெனி அல்ல என்பது எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

அந்தக் கம்பெனிகளைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அடி உண்டு, தூக்கமில்லாத ராத்திரிகள் உண்டு, சுவரேறிக் குதித்து ஓடிப்போன பையன்கள் உண்டு. ஆனாலும் பாடச் சொன்னார்கள், ஆடச் சொன்னார்கள், குரல் உடைந்தால் வேஷம் போயிற்று. சோறும் துணியும் கம்பெனியிலிருந்து பையனுக்குப் போனது. எதிர்த் திசையில் போனதில்லை. நாற்பதைம்பது வருஷங்களுக்கு முன்னால் வந்த நவீன நாடகத்திலும் இதுதான். புஞ்சையிலிருந்து சென்னைக்குப் போன ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அங்கே இருந்துவிட்டுப் பசுபதியும் குரு சோமசுந்தரமும் சினிமாவுக்குப் போனார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்து நடிகர்களைப் பார்த்தவர். யாரும் ஒரு வாட்ஸ்அப் கடிதத்தில் போகவில்லை.

ஆனால் இதை வைத்து வாதாட முடியாது. ஏனென்றால் எதிர் உதாரணமும் உண்மையாகவே இருக்கிறது. 2022இல் வந்த கடைசி விவசாயி படத்தில் நல்லாண்டி என்ற கிழவர் நடித்தார். அதற்கு முன் நடித்தறியாத விவசாயி. படம் வெளிவரும் முன்பே இறந்துபோனார். இறந்த பிறகு தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு வந்தது. வயலில் நின்ற ஒருவரைச் சினிமா தேடிக்கொண்டு வந்தது நடந்த விஷயம். அதே வருஷமும் அடுத்த வருஷமும் பொன்னியின் செல்வன் இரண்டு பாகமாக வந்ததிலிருந்து, சோழர் படம் என்றால் இங்கே யாரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். (அதன் பெரும்பகுதியை ஹைதராபாத், மத்தியப் பிரதேசம், தாய்லாந்து என்று எங்கெங்கோ எடுத்தார்கள் என்பதைச் சொன்னால் கேட்பாரில்லை.) போலிக் கடிதம் எழுதுகிறவன் இந்த உண்மைகளின் மேல்தான் நின்றுகொண்டு எழுதுகிறான். இணையத்தில் வருகிற அழைப்பெல்லாம் போலி என்றும் சொல்வதற்கில்லை. 2020க்குப் பிறகு நல்ல கம்பெனிகளே நடித்து அனுப்பச் சொல்லிக் கேட்கின்றன. ஆனால் அவர்கள் ஒரு காட்சியை எழுதித் தருவார்கள். காசு கேட்பதில்லை. பெரும்பாலும் பதிலும் போடுவதில்லை.

போலியில் மட்டும்தான் எல்லோரும் தேர்வாகிறார்கள்.

2020 மே மாதத்தில் சல்மான் கான், தானோ தன் கம்பெனியோ எந்தப் படத்துக்கும் நடிகர் தேர்வு நடத்தவில்லை என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டி வந்தது. இங்கேயும் பெரிய கம்பெனிகள் அப்படி அறிவித்திருக்கின்றன. இன்னும் பெரிய அளவில் ஒன்று நடந்தது. ஹாலிவுட்டின் முக்கியமான பெண் தயாரிப்பாளர்களைப்போல ஓர் ஆண் போனில் பேசி, பல வருஷங்கள் பலரை ஜகார்த்தாவுக்கு வரவழைத்தான். டிக்கெட், காருக்கு ரொக்கம், வழிகாட்டிக்குக் கூலி எல்லாம் வந்தவர்கள் செலவு. பிறகு திருப்பித் தருவதாகப் பேச்சு. அப்படிச் செய்ததாகச் சொல்லப்படும் இந்தோனேசியர் 2020 கடைசியில் மான்செஸ்டரில் கைதானார். ஏமாந்தவர்களில் புகைப்படக்காரர்கள், ஒப்பனைக்காரர்கள், சண்டைப் பயிற்சிக்காரர்களோடு திரைக்கதை எழுதுகிறவர்களும் இருந்தார்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் நடிகர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் அதைக் கவனிக்கலாம். உங்கள் நாவலைப் படமாக்கப் போகிறோம் என்று ஒரு குரல் இன்று ராத்திரி போனில் சொன்னால் எத்தனை பேர் தூங்குவோம்?

பணத்தோடு போனால் பரவாயில்லை என்று சொல்லவைத்த ஒன்றும் எனக்குத் தெரியும். எங்கள் நாடகத்தில் இரண்டு வருஷம் நடித்த பெண், வேலையில் இருந்தவள், கெட்டிக்காரி. அவளிடம் பைசா கேட்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோவில் அழைத்து, பாத்திரத்துக்கு உடல்வாகு பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும் என்றார்கள். அதைப் பதிவு செய்துகொண்டு பிறகு மிரட்டினார்கள். ஒரு வாரம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் தெரிந்தால் முதலில் நிற்கப்போவது நாடகம் என்பது அவளுக்குத் தெரியும். சொன்ன பிறகு புகார் கொடுத்தோம். 1930 என்ற எண் இதற்கெல்லாம் இருக்கிறது. காசு போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. காசு இல்லாமல் போனதை எங்கே நிறுத்திவைப்பது? நாடகம் நின்றுதான் போயிற்று. ஒத்திகைக்கு அவள் இப்போது வருவதில்லை. (சட்டத்தில் மோசடிக்கான எண்ணைக்கூட மாற்றிவிட்டார்கள். 2024 ஜூலை முதல் 318. நானூற்றிருபது என்று ஒருவனைத் திட்டினால் இனிமேல் அது பழைய வழக்கு.)

இவ்வளவும் தெரிந்தவன் நான். மார்கழியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது.

அப்பா வேஷம். அறுபதுக்கு மேல். தஞ்சாவூர்ப் பேச்சு சுத்தமாக வரவேண்டும். கம்பெனிப் பெயர் வேறு, எழுத்துப்பிழை இல்லை. பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு காட்சியை நடித்து அனுப்பவும் என்றிருந்தது. பிடித்த ஏதாவது. அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். வேஷத்துக்கு ஆள் தேடுகிறவன், தன் காட்சியில் நான் எப்படி இருப்பேன் என்று பார்ப்பானே தவிர, எனக்கு எது பிடிக்கும் என்று கேட்கமாட்டான். எனக்கு அது தெரியும். தெரிந்தது ஓர் இடத்தில் இருந்தது, நான் வேறோர் இடத்தில் இருந்தேன்.

முப்பது வருஷத்துக்கு முன் எங்கள் நாடகமொன்றில் நான் செய்த தகப்பன். வயலை விற்றுவிட்டு, விற்றதை மகனிடம் சொல்ல முடியாமல், உழவு மாட்டின் உடம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போவான். நாலு ஊரில் போட்ட நாடகம். மனைவி தூங்கிய பிறகு கூடத்து விளக்கைப் போட்டு, புத்தக அடுக்கில் போனைச் சாய்த்து வைத்துச் செய்தேன். மூன்று தடவை எடுத்தேன். மூன்றாவது சரியாக வந்தது. நடுவே ஓரிடத்தில் குரல் தானாகவே அடைத்துக்கொண்டது. ஆறு நிமிஷம் இருபது விநாடி. மணி பன்னிரண்டு பத்துக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டு பதினாலுக்குப் பதில் வந்தது. "சார், பிரமாதம்! டைரக்டர் முழுக்கப் பார்த்துவிட்டுக் கண்கலங்கிவிட்டார்."

நான்கு நிமிஷம்.

கணக்கு உடனே புரிந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருவேளை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன். வேகமாக ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன். இந்த வயதில் ஒரு மனிதன் தன்னை ஏமாற்றுகிறவனுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். நன்றி என்று பதில் எழுதினேன். இரண்டு நாள் அந்தக் கண்கலங்கிய டைரக்டரோடு வாழ்ந்தேன். மூன்றாம் நாள் யூனியன் கார்டுக்கு 12,000 ரூபாயும் ஆதார் நகலும் கேட்டார்கள். அப்போதுதான் எண்ணைத் தடைசெய்தேன். காசு கேட்டதும் ஒரு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசுதான் குறி என்றால், என் நடிப்பை யாரும் மறுக்கவில்லை அல்லவா. யாரும் பார்க்கவே இல்லை என்பது அதற்கடுத்த நாள்தான் உறைத்தது.

நடிகனிடம் திருடுவதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை என்று தோன்றுகிறது. எழுதியவன் தாளை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், படம் வரைந்தவன் சுவரில் சாய்த்து வைக்கலாம். நடிகனிடம் எதிரே ஒரு கண் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. பார்க்கிறேன் என்று எவன் சொன்னாலும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறோம். அவன் பார்க்கிறானா என்று பார்க்கத் தோன்றுவதில்லை.

பொங்கலுக்குத் தமக்கை வீட்டுக்குப் போனேன். சம்பா அறுப்புக்கு நின்றது. சாப்பிட்டுவிட்டு வெண்ணாற்றுக் கரையில் இருவரும் நடந்தபோது சொன்னேன். முழுதும் சொன்னேன், அந்த நான்கு நிமிஷம் உட்பட. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்த வீடியோ இருக்கா மாமா?"

அழிக்கவில்லை. கொடுத்தேன். வெயிலுக்குப் போனைக் கையால் மறைத்துக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்து பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே கேட்டது, மாட்டின் கொம்பு, மாட்டின் குளம்பு என்று. ஆறு நிமிஷம் வெகுநேரம். முடிந்ததும் கொஞ்சம் பின்னால் தள்ளி ஓரிடத்தை மறுபடி பார்த்தான்.

"இங்க தொண்டை அடைக்குதுல்ல, அது வேணாம் மாமா" என்றான். "அதுவரைக்கும் நல்லாருக்கு. அங்க அழறீங்க."