கொல்லையில் ஒரு ஜப்பான் விளக்கு

போன மாசம் புதுச்சேரியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். வாசலில் பழைய இரும்புக்காரர் தராசோடு நிற்கிறார். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும் இரும்பு விளக்கு, அவர் எதிரே மூன்று துண்டாகக் கிடக்கிறது!

"என்ன அண்ணி இது?" என்றேன்.

"பின்னே என்னடி? பேத்தி அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து நிக்கறா. கையெல்லாம் துரு. உரியற பெயின்ட்டை வாயிலே வெச்சுக்கறா. தொலையட்டும்."

அவர் பயம் நியாயம்தான். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். போதாததற்கு இந்த விளக்கின் கால், உடம்பு, கூரை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா உட்கார்ந்திருப்பவை. கூரை மட்டுமே ஒரு குழவிக் கல் கனம். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று இரும்புக்காரரை நிறுத்தினேன்.

அண்ணியின் மாமனாருடைய அப்பா, 1950களில் ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் வாங்கியதாம். 'ஜப்பான் விளக்கு' என்றுதான் வீட்டில் பேர். வளைந்த கால்கள், குடை மாதிரி அகலக் கூரை, உச்சியில் தாமரை மொட்டு. இந்த அமைப்புக்கு ஜப்பானில் 'யுகிமி' விளக்கு என்று பெயர். வெண்பனி பார்க்கும் விளக்கு என்று அர்த்தம். கூரைமேல் பனி படிந்தால் அழகாம். புதுச்சேரியில் பனிக்கு எங்கே போவது!

அங்கே முதலில் இவை கோயில் விளக்குகள்தான். நாரா நகரத்து கசுகா கோயிலில் கல்லும் உலோகமுமாகச் சுமார் 3000 விளக்குகள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள், நம் கார்த்திகை மாதிரி. பிறகு தோட்டத்துக்கு வந்தன. வார்ப்பிரும்புக்குப் பேர்போனது வடக்கே மொரியோகா பக்கம். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிச் செய்த கெட்டிலைச் சூடாக்கி, அரக்குப் பூசிக் கறுப்பாக்குகிறார்கள். புது தோசைக் கல்லை எண்ணெய் தடவிப் பழக்குகிறோமே, அதே புத்தி.

சாயங்காலம் அண்ணியோடு கோல்கோந்த் பக்கம் நடந்தேன். அரவிந்தர் ஆசிரமத்துக்காரர்கள் தங்கும் இந்தக் கட்டடத்தை வரைந்தவர் தோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த அன்டோனின் ரேமண்ட். 1937இல் வேலை ஆரம்பம். ஆசிரமத்து அன்னையும் 1916 முதல் 1920 வரை ஜப்பானில் இருந்தவர். கதவுப் பிடிகளுக்காகப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்களாம். கடல் காற்றுக்குப் பித்தளை தாங்கும். இரும்பின் கதியை, 1952இல் விழுந்த பழைய பாலத்தின் மிச்சத் தூண்களிலேயே பார்க்கலாம்.

மறுநாள் பேத்தியை அவள் அம்மாவோடு வெளியே அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினோம். பெயின்ட்டை உலர்ந்தபடி சுரண்டவோ நெருப்பில் வாட்டவோ கூடாது, ஈயம் காற்றில் பறக்கும். கையுறை, முகமூடி போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தோம். செதிலையெல்லாம் காகிதத்தில் சுருட்டிக் கட்டினோம்; உடுத்திய துணியைத் தனியாகத் துவைத்தோம். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு. ஒன்று சொல்ல மறந்தேனே: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த வேலை உண்டு.

குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி டாக்டரிடமும் கேட்டாயிற்று. விளக்கு இப்போது அவள் கைக்கு எட்டாத சுவர் மேடையில், சிமெண்ட் வைத்து இறுக்கி. உள்ளே ஓர் அகல். இரும்புக்காரருக்கு ஓட்டை வாளியும் பழைய சைக்கிள் சக்கரமும் கொடுத்தோம்.